அருள் ஈன்ற அறப்பணி: மருத்துவர் ஐடா ஸ்கடர்

நுழையும்முன்

மாணவர்களே! சந்திரகிரி நிலையத்தில் தொடர்வண்டி ஏறி, பாகாலா, சித்தூர் வழியாகத் தெற்கே சென்றால் காட்பாடியை அடையலாம். காட்பாடிக்கு அருகில் உள்ளது வேலூர். அவ்வழியில் செல்லும் வண்டிகளில் நோயுற்றோரும் அவர்களை அழைத்துச் செல்வோரும் பலராக இருப்பர். அவர்கள் நாடிச் செல்வது வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை. ஒரே ஒரு கட்டிலுடன் அதனைத் தொடங்கியவர் ஒரு பெண்மணி. செல்வமோ அதிகாரமோ அவரிடம் இல்லை. இப்பணிக்கு வரவேண்டும் என்னும் விருப்பமும் தொடக்கத்தில் இல்லை. அவரை இப்பணிக்கு உரியவராக்கியது எது? அவருடைய வாழ்க்கை வரலாற்றைப் படித்து அறிவோம்.

1. இரு நாடுகளின் மகள்

ஐடா சோபியா ஸ்கடர் 1870ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். அக்காலத்தில் இராணிப்பேட்டையும் வேலூரும் சித்தூரும் நம் சந்திரகிரியும் சென்னை மாகாணத்தின் வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தன. அம்மாவட்டத்தின் தலைமையிடமாகச் சித்தூர் விளங்கிற்று. 1911ஆம் ஆண்டில் சித்தூர் தனி மாவட்டமானது. எனவே, ஐடா பிறந்த மாவட்டமும் நாம் வாழும் இவ்வூர் அன்று அடங்கியிருந்த மாவட்டமும் ஒன்றே.

ஐடாவின் பாட்டனார் ஜான் ஸ்கடர் ஓர் அமெரிக்க மருத்துவர். அவர் 1819ஆம் ஆண்டு இலங்கை சென்று யாழ்ப்பாணத்துத் தமிழரிடையே மருத்துவப் பணியும் சமயப் பணியும் ஆற்றினார். பின்னர்ச் சென்னைக்கு வந்தார். அவருடைய ஏழு புதல்வர்களும் இந்தியாவில் இறைப்பணி செய்தவர்களே. அவர்களுள் சிலர் 1853ஆம் ஆண்டு நிறுவிய ஆர்க்காடு மிஷன், வேலூர், ஆரணி, சித்தூர் முதலிய ஊர்களில் பள்ளிகளையும் மருந்தகங்களையும் நடத்தியது. ஐடாவின் தந்தையாரும் மருத்துவரே. அவர் பெயரும் ஜான் ஸ்கடர் என்பதாகும்.

ஐடாவின் பெற்றோர் அமெரிக்கர். அவர் பிறந்த மண்ணோ தமிழ்மண். வீட்டுக்குள் ஒரு மொழியும் வாசலுக்கு வெளியே மற்றொரு மொழியும் கேட்டு வளர்ந்தார். வீட்டில் தமிழும் தெருவில் தெலுங்கும் பேசும் உங்களுக்கு இந்நிலை நன்கு விளங்கும். எது தம் ஊர் என்னும் வினா அவர் உள்ளத்தில் இளமையிலேயே எழுந்தது. அதற்கு விடை காண அவருக்கு நெடுங்காலம் தேவைப்பட்டது.

2. விலகிச் செல்ல விழைந்த உள்ளம்

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைப் பெரும் பஞ்சம் வாட்டியது. தாது வருடப் பஞ்சம் என்று தமிழ்மக்கள் அதனை இன்றும் நினைவுகூர்வர். மழை பொய்த்தது, கிணறுகள் வறண்டன, மக்கள் கூட்டங்கூட்டமாக ஊரை விட்டு வெளியேறினர். அப்போது ஐடா வேலூரில் வாழ்ந்த சிறுமி. பசியால் வாடிய குழந்தைகளுக்கு அவர்தம் பெற்றோர் ரொட்டி வழங்கினர். கையை உயர்த்தி உண்ணவும் வலுவற்றிருந்த குழந்தைகளின் வாயில் ரொட்டித் துண்டுகளைப் பிட்டு ஊட்டும் வேலை ஐடாவுக்குக் கிடைத்தது. தம் வயதையொத்த குழந்தைகள் உயிரிழந்து கிடப்பதையும் அவர் கண்டார். அக்காட்சிகள் அவரை அச்சுறுத்தின.

பின்னர்க் குடும்பம் அமெரிக்கா சென்றது. சில ஆண்டுகள் கழித்துத் தந்தையார் மீண்டும் இந்தியப் பணிக்கு அழைக்கப்பட்டார். அவரைத் தொடர்ந்து தாயாரும் புறப்பட்டார். பதின்ம வயதினரான ஐடா சிகாகோ நகரில் உறவினர் வீட்டில் விடப்பட்டார். தாயைப் பிரிந்த நாளில் அவர் தாயின் தலையணையில் முகம் புதைத்து அழுதார். பெற்றோரின் பணிக்காகப் பிள்ளைகள் கொடுக்கும் விலையை அவர் அன்று அறிந்தார். தாமும் அத்தகைய வாழ்வை மேற்கொள்வதில்லை என்று உறுதி பூண்டார்.

மாசசூசெட்சு மாநிலத்து நார்த்ஃபீல்டு பள்ளியில் அவர் பயின்றார். துடிப்பும் குறும்பும் மிக்க மாணவியாக விளங்கினார். ஸ்கடர் குடும்பத்தில் பிறந்தோர் அனைவரும் இந்தியா செல்வர் என்பது பலரின் எதிர்பார்ப்பு. ஐடாவுக்கோ குடும்ப வழக்கம் என்பது போதுமான காரணமாகத் தோன்றவில்லை. அமெரிக்காவில் இனிய வாழ்வொன்றை அமைத்துக்கொள்வதே அவர் விருப்பமாக இருந்தது.

3. ஓர் இரவில் மூன்று அழைப்புகள்

1890ஆம் ஆண்டு தாயார் நோயுற்றார் என்னும் செய்தி வந்தது. அப்போது பெற்றோர் திண்டிவனத்தில் இருந்தனர். தாய்க்குத் துணையாகச் சிறிதுகாலம் தங்கித் திரும்பலாம் என்னும் எண்ணத்துடன் ஐடா அங்கு வந்து சேர்ந்தார்.

அக்காலத்தில் ஓர் இரவு அவர் விளக்கொளியில் அமர்ந்திருந்தார். அந்தணக் குடும்பத்து இளைஞர் ஒருவர் வாசலில் வந்து நின்றார். அவருடைய இளம்மனைவி மகப்பேற்று நோவில் துடித்துக்கொண்டிருந்தாள், மருத்துவச்சி கைவிட்டுவிட்டாள். ஐடா வந்து உதவவேண்டும் என்று அவர் வேண்டினார். தாம் மருத்துவர் அல்லர் என்றும் தம் தந்தையே மருத்துவர் என்றும் அவரை அழைத்து வருவதாகவும் ஐடா எடுத்துரைத்தார். அயல் ஆடவர் தம் வீட்டுப் பெண்ணைப் பார்ப்பது வழக்கத்திற்கு மாறானது என்று கூறி, அவ்விளைஞர் துயரத்துடன் திரும்பினார்.

சிறிது நேரத்தில் இஸ்லாமியர் ஒருவர் வந்தார். அவர் வீட்டிலும் அதே நிலை. அவர் கூறிய விடையும் அதே விடை. மூன்றாவதாக மற்றோர் இந்துக் குடும்பத்தைச் சேர்ந்தவரும் அவ்வாறே வந்து, அவ்வாறே திரும்பிச் சென்றார்.

மனைவியர் மீது அன்பில்லாதவர்கள் அல்லர் அம்மூவரும். அன்பில்லாதவர் நள்ளிரவில் அயலார் வீட்டுக் கதவைத் தட்டுவரோ? காலங்காலமாக வந்த வழக்கம் ஒருபுறமும் பெண் மருத்துவர் இல்லாமை மறுபுறமும் அவர்களை நெருக்கின. அவர்கள் கேட்டது மருந்தறிந்த ஒரு பெண்ணின் கைகளை. ஐடாவின் கைகளோ மருந்தறியாதவை.

அவ்விரவில் ஐடா உறங்கவில்லை. இறைவனிடம் மன்றாடினார். விடிந்ததும் தெருவில் பறையொலி கேட்டது. பணியாளரை அனுப்பி விசாரித்தபோது, மூன்று பெண்களும் இறந்துவிட்டனர் என்னும் செய்தி வந்தது. ஐடா தம் அறைக்குள் சென்று நெடுநேரம் தனித்திருந்தார். வெளியே வந்தபோது அவருடைய முடிவு தெளிவாக இருந்தது. அமெரிக்கா சென்று மருத்துவம் கற்று, இந்தியப் பெண்களுக்குப் பணியாற்றத் திரும்பி வருவதாகப் பெற்றோரிடம் தெரிவித்தார்.

குடும்பத்தின் எதிர்பார்ப்பு செய்ய இயலாததை அவ்வோர் இரவு செய்தது. அந்த இரவைத் தண்டனையாக ஐடா கருதவில்லை. இறைவன் தம்மைப் பெயர் சொல்லி அழைத்த இரவு என்றே அவர் வாழ்நாள் முழுவதும் நம்பினார்.

4. கல்வியும் கிடைத்த கொடையும்

1895ஆம் ஆண்டு ஐடா பிலடெல்பியாவில் இருந்த பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரி 1898இல் மாணவியருக்குக் கதவைத் திறந்தபோது, அங்குச் சென்று பயின்று 1899ஆம் ஆண்டு பட்டம் பெற்றார்.

வேலூரில் பெண்களுக்கு ஒரு மருத்துவமனை தேவை. அதற்குரிய பணத்தைத் திரட்டும் பொறுப்பு, கப்பலேறுவதற்கு முன்னரே ஐடாவிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒருநாள் நியூயார்க்கில் ஒரு வீட்டிற்குச் சென்று அவர் இதுபற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அடுத்த அறையிலிருந்த முதியவர் ஒருவர் அதனைச் செவிமடுத்தார். அவர் ஷெல் என்னும் வங்கியாளர். மறைந்த தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் வழங்க அவர் முன்வந்தார். ஐடா நேரடியாக அவரிடம் கேட்கவில்லை; அவருக்கு எந்த நன்மையும் செய்திருக்கவில்லை. எனினும், அக்கொடை அவர் கைக்கு வந்தது. தகுதி பார்த்து வரும் பரிசு வேறு, தானே வந்தடையும் அருள் வேறு என்பதை ஐடா தம் பணியின் தொடக்கத்திலேயே உணர்ந்தார்.

5. ஒற்றைக் கட்டில்

1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐடா வேலூர் வந்தார். தந்தையின் அருகில் இருந்து தொழில் பழகலாம் என்பது அவர் எண்ணம். ஆனால், அவ்வாண்டு மே மாதத்தில் தந்தையார் காலமானார். மக்கள் நம்பியது முதிய மருத்துவரை; இருப்பவரோ அனுபவம் குறைந்த இளம்பெண். முதலில் மிகச் சிலரே அவரிடம் வந்தனர்.

தாம் தங்கியிருந்த வீட்டிலேயே சிறு மருந்தகம் ஒன்றை ஐடா அமைத்தார். அதில் இருந்தது ஒரே ஒரு கட்டில். பயிற்சி பெற்ற செவிலியர் எவரும் இல்லை. வீட்டில் பணிபுரிந்த சாலோமி என்னும் பெண்ணையே உதவியாளராகப் பழக்கினார். ஒரு நோயாளி குணமடைந்து தம் தெருவுக்குத் திரும்பினால், அத்தெருவிலிருந்து நால்வர் வருவர். நம்பிக்கை இவ்வாறு வீடுவீடாகப் பரவியது. இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ 5,000 நோயாளிகளுக்கு அவர் மருத்துவம் செய்தார்.

1902ஆம் ஆண்டு 40 படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. அக்கட்டடம் இன்றும் வேலூரில் கண் மருத்துவமனையாகப் பயன்பட்டு வருகிறது. இந்து, இஸ்லாமியர், கிறித்தவர் என்னும் வேறுபாடின்றி அங்கு நோயாளிகள் வந்தனர். திண்டிவனத்தில் கதவைத் தட்டிய மூவரும் வெவ்வேறு குடும்பத்தினர்; அன்று அவர்களுக்குத் திறக்க இயலாத கதவு இப்போது அனைவருக்கும் திறந்திருந்தது.

6. சாலையோர மருத்துவம்

மருத்துவமனைக்கு நடந்து வர இயலாதோர் சிற்றூர்களில் பலர் இருந்தனர். அவர்களைத் தேடி ஐடா சென்றார். வாரத்தில் ஒருநாள் மருந்துப் பெட்டிகளுடன் குடியாத்தம் செல்லும் சாலையில் பயணம் செய்வார். முதலில் மாட்டுவண்டியில் சென்றார். பின்னர் மோட்டார் வண்டி கிடைத்தது. குதிரையோ மாடோ இன்றி ஓடும் வண்டியை முதன்முதலாகக் கண்ட சிற்றூர் மக்கள் அஞ்சி ஓடியதும் உண்டு. விரைவில் அவ்வொலியைக் கேட்டாலே நோயாளிகள் சாலையோரத்தில் வந்து காத்திருக்கலாயினர்.

மரநிழலே மருந்தகம். புண்களைக் கழுவிக் கட்டுதல், கண்களுக்கு மருந்திடுதல், காய்ச்சலுக்கு மருந்து அளித்தல், அறுவை தேவைப்படுவோரை வேலூருக்கு அழைத்துச் செல்லுதல் ஆகியன அங்கு நடைபெற்றன. பிறர் தொடவும் அஞ்சிய தொழுநோயாளர்களின் புண்களையும் ஐடா தம் கையால் தூய்மை செய்தார். வேலூரில் பிளேக்கு நோய் பரவியபோது தடுப்பூசி இட்டுக்கொள்ளுமாறு மக்களை அறிவுறுத்தினார். மருத்துவமனையை மக்கள் இருக்கும் இடத்திற்கே கொண்டுசெல்லும் முறை இன்று பலரும் அறிந்ததொன்று. அன்று அது புதுமை.

7. பெண்களே மருத்துவராதல்

ஒரு மருத்துவர் எத்துணை உழைத்தாலும் ஒருநாளில் எத்தனை பேரைப் பார்க்க இயலும்? இவ்வினா ஐடாவை வாட்டியது. தாம் ஒருவரே எல்லாருக்கும் உதவுவது என்பது நடவாதது. இந்தியப் பெண்கள் பலர் மருத்துவராகவும் செவிலியராகவும் வரவேண்டும் என்று முடிவு செய்தார்.

1909ஆம் ஆண்டு செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அடுத்துப் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி ஒன்றைத் தொடங்க அரசிடம் இசைவு கேட்டார். அதிகாரிகள் ஐயுற்றனர். ஆறு மாணவியரேனும் கிடைத்தால் தொடங்கலாம் என்றனர். ஆனால், அவ்வெண்ணிக்கையைப் போலப் பன்மடங்கு விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. 1918ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்டு பிரபு அப்பள்ளியைத் திறந்துவைத்தார்.

கட்டடமும் கருவியும் ஆசிரியரும் மிகக் குறைவாகவே இருந்தனர். பகலில் நோயாளிகளைக் கவனித்த ஐடா, இடையிடையே மாணவியருக்குப் பாடம் நடத்தினார். 1922ஆம் ஆண்டு முதல் அணியைச் சேர்ந்த 14 பெண்கள் படிப்பை நிறைவு செய்து மருத்துவர்களாக வெளிவந்தனர். ஒரு பெண் மருத்துவர் இல்லாமையால் மூன்று உயிர்கள் பிரிந்த நாட்டில், ஒரே பள்ளியிலிருந்து பதினான்கு பெண் மருத்துவர்கள் புறப்பட்டனர். 1920ஆம் ஆண்டு ஆங்கிலேய அரசு கெய்சர்-இ-இந்து பதக்கம் அளித்து ஐடாவைச் சிறப்பித்தது.

8. தம் கனவை விட்டுக்கொடுத்தல்

முதுமையில்தான் ஐடாவுக்குப் பெருஞ்சோதனை வந்தது. 1938ஆம் ஆண்டளவில் சென்னை மாகாண அரசு புதிய விதியை வகுத்தது. பட்டயப் படிப்பு இனிச் செல்லாது. மருத்துவக் கல்வி பல்கலைக்கழகப் பட்டப்படிப்பாக இருத்தல்வேண்டும். அதற்கேற்ற கட்டடங்களும் ஆய்வுக்கூடங்களும் பேராசிரியர்களும் தேவை. இல்லையேல் பள்ளியை மூடவேண்டும்.

அப்போது உலகப் போர் மூண்டிருந்தது. எழுபது வயதைக் கடந்த ஐடா அமெரிக்கா சென்று, ஊர் ஊராகப் பயணம் செய்து நிதி திரட்டினார். ஆனால், பணத்தைவிடக் கடினமான வினா ஒன்று அவர்முன் நின்றது. ஆடவரையும் சேர்த்துக்கொண்டால் பல திருச்சபைகளின் ஆதரவு கிடைக்கும், கல்லூரி நிலைபெறும். ஆனால், பெண்களுக்கென்றே வளர்த்த நிறுவனம் அது. பெண்களுக்காக மட்டுமே பணம் கொடுத்த தோழியர் சிலர் இம்மாற்றத்தைக் கடுமையாக எதிர்த்தனர். நெடுநாள் நட்பு முறியும் நிலை உண்டாயிற்று.

ஐடா நெடிது எண்ணினார், இறைவனிடம் வேண்டினார். இப்பணி தம் சொந்த உடைமை என்று கருதியிருந்தால், தம் விருப்பப்படியே நடக்கட்டும், இல்லையேல் அழியட்டும் என்று விட்டிருப்பார். தமக்கு அருளப்பட்டதைத் தாம் பற்றிக்கொள்ளல் ஆகாது என்று அவர் தெளிந்தார். தம் கனவின் வடிவத்தை விட்டுக்கொடுத்து, அக்கனவின் உயிரைக் காத்தார்.

1942ஆம் ஆண்டு எம்.பி.பி.எஸ். பட்டப்படிப்பு தொடங்கியது. 1946இல் ஐடா பொறுப்புகளிலிருந்து ஓய்வு பெற்றார். 1947ஆம் ஆண்டு ஆடவரும் மாணவராகச் சேர்ந்தனர். விசாகப்பட்டினத்தில் பிறந்த மருத்துவர் ஹில்டா லாசரஸ் அம்மையார் அந்நிறுவனத்தின் முதல் இந்தியத் தலைவரானார். இந்தியப் பெண் ஒருவர் தாம் தொடங்கியதைத் தலைமையேற்று நடத்துவதை ஐடா தம் கண்ணாலேயே கண்டார்.

9. வேரும் கனியும்

ஐடாவின் நற்செயல்களுக்கு வேராக இருந்தது அவர்தம் சமயநம்பிக்கை. அந்நம்பிக்கை யாது என்பதை அறிந்தால்தான் அவர் வாழ்க்கை நமக்கு முழுமையாக விளங்கும்.

இறைவனுடைய அன்பு விலைகொடுத்து வாங்கும் பொருளன்று என்பது கிறித்தவ நெறியின் அடிப்படைக் கருத்து. மனிதர் நற்செயல்களைச் சேர்த்துவைத்து, அவற்றுக்கு ஈடாக இறைவனின் அருளைப் பெறுவதில்லை. அருள் முன்னரே இலவசமாக வழங்கப்படுகிறது. பவுலடியார் எபேசு நகரத்தாருக்கு எழுதிய மடலில் இக்கருத்து காணப்படுகிறது. அவ்வாறாயின் நற்செயல் எதற்கு என்னும் ஐயம் எழலாம். அதற்கும் அம்மடலிலேயே விடை உண்டு: அருள் பெற்றவர் நற்செயல் புரிவதற்கென்றே உருவாக்கப்பட்டவர். செயலில் வெளிப்படாத நம்பிக்கை உயிரற்றது என்பது யாக்கோபு எழுதிய மடலின் கருத்து.

மாமரத்தை எண்ணிப் பாருங்கள். கனி கொடுப்பதால் அது மாமரம் ஆவதில்லை. மாமரமாக இருப்பதால் கனி கொடுக்கிறது. ஆயினும், பல்லாண்டுகள் கனியே காணாத மரத்தைக் கண்டால் வேரில் குறையுண்டோ என்று நாம் ஐயுறுவோம். நம்பிக்கைக்கும் நற்செயலுக்கும் உள்ள உறவும் அத்தகையதே.

இதனால் ஐடாவின் பணியில் இரண்டு பண்புகள் அமைந்தன. முதலாவது, அவர் கணக்குப் பார்க்கவில்லை. இறந்த மூன்று பெண்களுக்கு ஈடாக இத்தனை பேரைக் காப்பாற்றினால் போதும் என்று அவர் நிறுத்திவிடவில்லை. கடனைத் தீர்ப்பவர் கணக்கு முடிந்ததும் எழுந்து செல்வர். நன்றியுடையவர்க்கோ கணக்கு முடிவதில்லை. இரண்டாவது, அவர் செருக்குக் கொள்ளவில்லை. பெற்றதைத்தான் தருகிறோம் என்று அறிந்தவர், தம்மைப் பெரிய கொடையாளியாக எண்ணிக்கொள்ளார். பணி ஏற்பதற்கன்று, பணி செய்வதற்கே வந்ததாக இயேசு கூறிய கருத்தே வேலூர்க் கல்லூரியின் குறிக்கோளாக இன்றும் விளங்குகிறது.

கைம்மாறு கருதாமல் உதவும் உள்ளத்தை நம் தமிழ் மரபும் போற்றுகிறது. திருவள்ளுவர் ஒப்புரவறிதல் என்னும் அதிகாரத்தில், உலகுக்கு மழை செய்யும் உதவியை இதற்கு எடுத்துக்காட்டாக்குகிறார். மழை யாரிடமும் விலை கேட்பதில்லை. திருநாவுக்கரசர் மீது கொண்ட பேரன்பினால், அவர் பெயரில் தண்ணீர்ப்பந்தல் அமைத்து வழிப்போக்கரின் வேட்கை தணித்த அப்பூதியடிகளைப் பெரியபுராணம் நமக்குக் காட்டுகிறது. நெறிகள் வேறாயினும், உள்ளத்தில் ஊறிய அன்பு செயலாகப் பெருகும் என்பதை இவ்வரலாறுகள் உணர்த்துகின்றன.

10. நிறைவும் தொடர்ச்சியும்

ஐடா திருமணம் செய்துகொள்ளவில்லை. மலர்த்தோட்டமும் டென்னிஸ் ஆட்டமும் அவருக்கு மிக விருப்பமானவை. முதுமையிலும் சுறுசுறுப்பாக ஆடினார். இறுதிக் காலத்தைக் கொடைக்கானலில் தம் இல்லத்தில் கழித்தார். 1960ஆம் ஆண்டு மே மாதம், 89ஆம் வயதில் அங்கு மறைந்தார். தம் ஊர் எது என்று சிறுமியாக இருந்தபோது எழுந்த வினாவுக்கு அவர் வாழ்க்கையே விடையாயிற்று. தம்மைத் தேவையுள்ளோர் வாழும் ஊரே அவருக்குத் தம் ஊராயிற்று.

அவர் நட்ட மரம் அவருக்குப் பின்னரும் கனி தருகிறது. 1940களின் இறுதியில் மருத்துவர் பால் பிராண்டு, தொழுநோயால் மடங்கிய விரல்களை மீண்டும் இயங்கச் செய்யும் அறுவை முறையை அங்கு உருவாக்கினார். 1971ஆம் ஆண்டு இந்தியாவின் வெற்றிகரமான முதல் சிறுநீரக மாற்று அறுவை வேலூரில் நடைபெற்றது. நாள்தோறும் பல்லாயிரம் பேர் அங்கு மருத்துவம் பெறுகின்றனர். தமிழும் தெலுங்கும் இந்தியும் வங்காளமும் அம்மருத்துவமனைத் தாழ்வாரங்களில் ஒருங்கே ஒலிக்கின்றன. சித்தூர் மாவட்டத்திலும், வேலூர் செல்லும் வழியில் குடிபாலாப் பகுதியில், அந்நிறுவனத்தின் வளாகம் ஒன்று அமைந்துள்ளது.

மாணவர்களே! உங்கள் கைகளில் உள்ள கல்வியும், உங்கள் பெற்றோர் ஊர்விட்டு ஊர்வந்து உழைத்துத் தந்த வாழ்வும் நீங்கள் விலைகொடுத்து வாங்கியவை அல்ல. அவை உங்களுக்கு வழங்கப்பட்டவை. வழங்கப்பட்டதை உணர்ந்தவர் வழங்குபவராக மாறுவர். ஐடா ஸ்கடரின் வாழ்க்கை நமக்கு உணர்த்துவது இதுவே.

தெரிந்து தெளிவோம்

சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875ஆம் ஆண்டிலேயே பெண்கள் பயிலத் தொடங்கினர். எனினும், அவர்கள் மிகச் சிலரே. ஐடா முதலில் பயின்ற பிலடெல்பியாக் கல்லூரியில் அவருக்கு முன்னரே இந்தியப் பெண் ஒருவர் பட்டம் பெற்றார். 1886இல் அங்குப் பட்டம் பெற்ற அவர் ஆனந்திபாய் ஜோஷி.

நுரையீரல் காசநோயாளர்களுக்காக 1915ஆம் ஆண்டு மதனப்பள்ளிக்கு அருகில் ஒரு நலவாழ்வு மனை தொடங்கப்பட்டது. பல கிறித்தவச் சபைகள் இணைந்து நடத்திய அவ்விடம் ஆரோக்கியவரம் எனப் பெயர் பெற்றது.

சொல்லும் பொருளும்

ஈன்ற – பெற்றெடுத்த
விழைந்த – விரும்பிய
மகப்பேறு – குழந்தை பிறத்தல்
நோவு – வலி
செவிமடுத்தல் – கேட்டல்
இசைவு – ஒப்புதல்
பட்டயம் – பட்டத்திற்குக் கீழ்நிலையிலுள்ள தேர்ச்சிச் சான்று
கைம்மாறு – உதவிக்கு ஈடாகச் செய்யும் உதவி
ஒப்புரவு – பிறர்க்கு உதவி வாழ்தல்
வேட்கை – இங்கு, நீர் வேட்கை, தாகம்
செருக்கு – ஆணவம்

பயிற்சிகள்

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. ஐடா ஸ்கடர் பிறந்த ஊர் ________.
2. சித்தூர் தனி மாவட்டமான ஆண்டு ________.
3. மேரி டேபர் ஷெல் மருத்துவமனை ________ படுக்கைகளுடன் தொடங்கப்பட்டது.
4. முதல் அணியில் மருத்துவராக வெளிவந்த பெண்கள் ________ பேர்.

ஆ. பொருத்துக.
1. திண்டிவனம் – தண்ணீர்ப்பந்தல்
2. குடியாத்தம் சாலை – முதல் இந்தியத் தலைவர்
3. ஹில்டா லாசரஸ் – மூன்று அழைப்புகள்
4. அப்பூதியடிகள் – மரநிழல் மருந்தகம்

இ. பிரித்து எழுதுக.
1. நள்ளிரவு 2. நற்செயல் 3. மரநிழல் 4. பேரன்பு

ஈ. எதிர்ச்சொல் எழுதுக.
1. முதுமை 2. எதிர்த்தனர் 3. குறைவு 4. செருக்கு

உ. குறுவினாக்கள்
1. இளமையில் ஐடா இந்தியப் பணியை விரும்பாமைக்குக் காரணம் யாது?
2. திண்டிவனத்தில் வந்த மூவரும் ஐடாவின் தந்தையை அழைத்துச் செல்லாதது ஏன்?
3. சாலையோர மருத்துவத்தில் நடைபெற்ற பணிகள் யாவை?
4. ஐடா மருத்துவப் பள்ளி தொடங்க எண்ணியது ஏன்?

ஊ. நெடுவினாக்கள்
1. ஆடவரையும் கல்லூரியில் சேர்க்க ஐடா இசைந்ததைப் பற்றி உம் கருத்தை எழுதுக. நீவிர் அவர் இடத்தில் இருந்தால் என்ன முடிவு செய்திருப்பீர்?
2. கடனைத் தீர்ப்பதற்காகச் செய்யும் உதவிக்கும் நன்றியால் செய்யும் உதவிக்கும் உள்ள வேறுபாட்டை மாமர உவமையைக் கொண்டு விளக்குக.

எ. செயல் திட்டம்
உம் வீட்டுப் பெரியோரிடம் பேசி, நோயுற்ற காலத்திலோ புதிய ஊருக்கு வந்த காலத்திலோ கைம்மாறு கருதாமல் உங்கள் குடும்பத்துக்கு உதவிய ஒருவரைப் பற்றிக் கேட்டறிக. அவர் செய்த உதவியைப் பத்து வரிகளில் தமிழில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.